தசரா ஊர்வலத்தில் யானைக்கு முதுகு காட்டி நிற்பது பற்றி

மைசூரு தசராவின் நிறைவு நாளான விஜயதசமியன்று நடக்கும் ஜம்பூ சவாரி ஊர்வலத்துக்குப் போன ஆண்டு சென்று, காலை முதல் இரவு வரை கால்கடுக்க நின்று, எழுநூறு படங்கள் எடுத்தும், வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவற்றில் பாதி பிறருடைய பின்னந்தலையாகவும் மீதி செய்தித்தாளில் ஏற்கெனவே வந்துவிட்ட யானையாகவும் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிற்பது, எந்த லென்ஸ் கொண்டுபோவது, முன்பின் தெரியாதவர்களை அருகில் நின்று எடுக்கும்போது தகராறு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இருட்டிய பிறகு ஃப்ளாஷ் தேவையா என்பவை நீங்கள் கேட்ட நான்கு கேள்விகள். பல ஆண்டுகளாக அந்த ஊர்வலத்துக்குப் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படும். அது தெளிந்துவிட்டால் மற்ற மூன்றும் பெரிய சிக்கல்கள் அல்ல.

உங்கள் படங்களில் பின்னந்தலைகள் வந்ததற்குக் காரணம் லென்ஸ் அன்று. கூட்டம் பார்த்த திசையிலேயே நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்தாவது வரிசையில் நின்றுகொண்டு யானை வரும் பக்கம் கேமராவை உயர்த்துகிற எவருக்கும் ஒன்பது வரிசைப் பின்னந்தலைகள் கிடைப்பதே நியாயம். தடுப்புக்கு உள்ளே, சாலையின் நடுவில் நிற்க அனுமதி பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுக்கும் யானையை நம்மால் எடுக்க முடியாது. எடுத்தாலும் அதைவிட நன்றாக வராது. ஆகவே யானையை அவர்களிடமே விட்டுவிடுவது என்று பேருந்து ஏறும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முடிவை எடுக்க எனக்கு மூன்று தசராக்கள் ஆயின.

இது புதிய யோசனையும் அல்ல. 1937 மே 12 அன்று லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தபோது, பிரெஞ்சு வார இதழ் ஒன்றுக்காக அங்கே போன ஆன்ரி கார்த்தியே-பிரெசோன், ஊர்வலத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்க வந்தவர்களையே எடுத்தார். டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் எடுத்த படம் ஒன்று இன்றும் நினைவில் நிற்கிறது. மேலே கல் விளிம்பில் மக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏதோ ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே, இரவெல்லாம் இடம்பிடித்துக் காத்திருந்து களைத்துப்போன ஒரு மனிதர், செய்தித்தாள் குப்பைகளுக்கு நடுவே ஆழ்ந்து தூங்குகிறார். எதற்காக அவர் வந்தாரோ அது அவர் தலைக்கு மேலே கடந்துபோய்க்கொண்டிருக்கிறது. 1955-இல் அமெரிக்காவின் ஹொபோக்கன் நகரம் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது ராபர்ட் ஃபிராங்க் எடுத்த படத்திலும் அணிவகுப்பு இல்லை. ஒரு செங்கல் சுவர், இரண்டு சன்னல்கள், சன்னலுக்கு ஒரு பெண், காற்றில் விரிந்து அவர்களில் ஒருத்தியின் முகத்தை மறைக்கும் ஒரு கொடி, அவ்வளவுதான். விழாவை விட்டுவிட்டு விழாப் பார்ப்பவர்களை எடுப்பதற்கு இவை இரண்டும் எனக்கு இலக்கணம் போன்றவை. ஆனால் அவற்றைப் போலவே எடுக்க முயன்று, தூங்குகிறவர்களைத் தேடி நான் ஒரு தசராவை வீணடித்ததும் உண்டு.

இப்போது மைசூருக்கு வருவோம். ஊர்வலம் அரண்மனையின் வடக்கு வாயில் வழியாக வெளியேறி, சாமராஜ வட்டத்தையும் கே.ஆர். வட்டத்தையும் கடந்து, வலப்புறம் திரும்பிச் சயாஜி ராவ் சாலையில் வடக்கு நோக்கிச் சென்று, ஆயுர்வேதக் கல்லூரி வட்டம், பம்பூ பஜார் வழியாகப் பன்னிமண்டபத்தை அடைகிறது. மொத்தம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். நந்தித்துவஜ பூசை, அதாவது நந்திக் கொடிக்கம்பத்துக்குச் செய்யும் பூசை, பிற்பகலில் நடக்கும். அதன்பின் மாவட்டங்களின் அலங்கார ஊர்திகளும், டொள்ளு குணித, கம்சாளெ, வீரகாசெ முதலிய நாட்டார் கலைக் குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டீஸ்வரியைச் சுமந்து, இருபுறமும் இரண்டு கும்கி யானைகள் துணைவர, முதன்மை யானை வருவது கடைசியில்தான். ஒரு காலத்தில் அந்த அம்பாரியில் மன்னரே அமர்ந்து வந்தார். அண்மை ஆண்டுகளில், அரண்மனை வளாகத்தில் முதலமைச்சர் அம்பாரிக்கு மலர் தூவி ஊர்வலம் முறைப்படி தொடங்குவதற்கே மாலை ஐந்து மணியை நெருங்கிவிடுகிறது. அக்டோபரில் அங்கே ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். அதாவது தலைமை யானை சயாஜி ராவ் சாலையில் நடந்துவரும்போது நல்ல வெளிச்சம் ஏறக்குறைய முடிந்திருக்கும். தெருப் புகைப்படம் எடுப்பவருக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம்: மக்கள் காலையிலிருந்தே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், யானையோ மாலையில்தான் வருகிறது, இடையில் உள்ள ஆறேழு மணி நேரம் முழுவதும் உங்களுடையது.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் சாலை வீட்டுக் கூடம் போல் ஆகிவிடுகிறது. மூடிய கடைகளின் படிகளில் போர்வை விரித்துக் குடும்பங்கள் உட்கார்கின்றன. எவர்சில்வர் தூக்குகள் திறக்கப்படுகின்றன. ஒரு பாட்டி பேத்திக்குப் பேன் பார்க்கிறாள். பக்கத்துக் குடும்பத்தோடு இடத்துக்காகக் காலையில் சண்டை போட்டவர் மதியம் அவர்களுடைய புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஊதுகுழல் விற்பவன் ஒருவன் நடுச்சாலையில் நடந்தால், அவன் பின்னே இருபது குழந்தைகளின் கண்கள் திரும்புகின்றன. காவலர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் பாப்கார்ன் வாங்குகிறார். இவையெல்லாம் ஊர்வலம் தொடங்கியதும் மறைந்துவிடும். ஆனால் பெரும்பாலான புகைப்படக்காரர்கள் இந்த நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, 'எப்போது தொடங்கும்' என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஊர்வலம் தொடங்கிய பிறகு எங்கே நிற்பது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு நல்ல விடைதான் உண்டு. சயாஜி ராவ் சாலையின் நடைபாதையில் கூட்டம் ஒரே திரளாக நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு திரள். தடுப்பை ஒட்டி நிற்பவர்கள் ஒன்று. கடைப் படிகளிலும் திண்ணைகளிலும் முக்காலிகளிலும் ஏறி நிற்பவர்கள் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே, ஒருவர் தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு ஒரு சந்து பல இடங்களில் தானாகவே உண்டாகிவிடும், ஏனென்றால் அங்கே நிற்பவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே அங்கே யாரும் நிற்பதில்லை. அந்தச் சந்தில் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெல்ல நடந்து பாருங்கள். படிகளில் நிற்கும் அத்தனை முகங்களும் உங்கள் தலைக்கு மேலாக ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றரை இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். வாய் பிளந்து நிற்கும் சிறுவன், கைகூப்பிய கையிலேயே கைப்பேசியையும் பிடித்திருக்கும் அம்மா, யானையைப் பார்க்காமல் யானையைப் பார்க்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர் என்று படங்கள் அடுக்கடுக்காக இருக்கும். வேறு எந்தத் தெருவிலும் வேறு எந்த நாளிலும் இவ்வளவு அருகில் நின்று இவ்வளவு முகங்களை இவ்வளவு நிதானமாக நீங்கள் பார்க்க முடியாது.

அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது வளைவுகள். கே.ஆர். வட்டத்தில் ஊர்வலம் திரும்புவதால், அங்கே கூட்டம் ஒரே நேர்க்கோட்டில் பார்ப்பதில்லை. சிலர் வருவதைப் பார்க்க, சிலர் போவதைப் பார்க்க, பக்கவாட்டு முகங்களும் நேர் முகங்களும் ஒரே ஃப்ரேமுக்குள் கலந்து வரும். சாலையின் குறுக்கே எதிர்ப்பக்கக் கூட்டத்தை எடுக்கலாமே என்று தோன்றலாம். அதற்கு நீண்ட லென்ஸ் வேண்டும்; நீண்ட லென்ஸில் எடுத்த கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தலைகளாகத் தட்டையாகிவிடும், அந்த நெருக்கத்துக்குள் எடுத்தவரும் இருந்தார் என்ற உணர்வு படத்தில் இராது. நான் அதை விரும்புவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், இது ஒன்றே உங்களுக்கு ஒரு தசராவை மிச்சப்படுத்தும். சயாஜி ராவ் சாலை ஏறத்தாழத் தெற்கு வடக்காக ஓடுகிறது; தேவராஜ மார்க்கெட் அதன் மேற்குப் பக்கம் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் இன்னும் நாற்பது பாகைக்கு மேல் உயரத்தில் இருப்பதால் மேற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் அவற்றின் உயரத்தைவிடச் சற்று நீளமாகத்தான் விழும். மேற்கு நடைபாதை நிழலிலும், கிழக்கு நடைபாதையில் மேற்கு நோக்கி நிற்பவர்களின் முகங்கள் நேர் வெயிலிலும் இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றிக்குமேல் கையையோ செய்தித்தாளையோ துப்பட்டாவையோ பிடித்துக்கொண்டு நிற்பவர்களை எடுக்கக் கிழக்குப் பக்கம் போகலாம்; நிழலில் சீரான முகங்கள் வேண்டுமென்றால் மேற்கில் நிற்கலாம். ஐந்து மணியளவில் சாலை முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். அப்போது மேற்கிலிருந்து வந்து சேரும் குறுக்குத் தெருக்களின் வாயில்கள் வழியாக மட்டும் வெயில் பட்டைபட்டையாகக் கிழக்குப் பக்கக் கூட்டத்தின்மேல் விழும். நூறு பேர் நிழலில் நிற்க, நடுவில் ஐந்து பேர் மட்டும் பொன்னிறத்தில் ஒளிர்வார்கள். அந்தப் பட்டை இருபது நிமிடங்கள்கூட நிலைக்காது. ஆகவே அது எங்கே விழுகிறது என்பதை முந்தின நாளே நடந்து பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முந்தின நாள் ஆயுத பூசை. ஊரெங்கும் வண்டிகளுக்கு மாலை போட்டு, தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் சிதறிக் கிடக்கும், ஆகவே அந்த நடையும் வீண் போகாது. வழுக்கி விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லென்ஸ். முழு ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளது) 28 அல்லது 35 மி.மீ., ஒன்றே ஒன்று. பையில் இரண்டாவது லென்ஸ் இருந்தால், அதை மாற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில் படம் போய்விடும். தவிர அந்த நெரிசலில் லென்ஸ் மாற்றுவது சந்தைக்கு நடுவில் ஊசியில் நூல் கோப்பது போன்றது. கைப்பேசியே உங்களிடம் உள்ள கேமரா என்றாலும் கவலையில்லை. அதன் முதன்மை லென்ஸின் பார்வைக் கோணம் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம், இந்த வேலைக்கு அது பொருத்தமான கோணம்தான்.

தானியங்கி ஃபோகஸ் கூட்டத்தில் எப்போதும் நீங்கள் விரும்பாத முகத்தையே தேர்ந்தெடுக்கும், அல்லது குறுக்கே நீளும் கையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஃபோகஸைக் கையால் ஒரு தூரத்துக்கு நிறுத்திவிடும் பழைய முறையையே நான் பின்பற்றுகிறேன். முழு ஃப்ரேமில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8 துளையில் வைத்து, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர்வரை உள்ளவை எல்லாம் கூர்மையாக இருக்கும். 28 மி.மீ. என்றால் இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர்வரை கிடைக்கும். நான் சொன்ன அந்தச் சந்தின் அகலம் இந்தக் கணக்குக்கு அளந்து வைத்தது போல் இருக்கும். இரண்டு மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக வேண்டும். வீட்டில் கதவு, கட்டில், அலமாரி என்று அளந்து பார்த்து ஒரு வாரம் பழகினால் போதும்.

ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். நேர் வெயிலுக்கும் அதன் எதிர்ப்பக்க நிழலுக்கும் மூன்று நிறுத்தங்கள் (ஸ்டாப்), அதாவது எட்டு மடங்கு வெளிச்ச வித்தியாசம் எளிதில் வரும். நடைபாதையிலிருந்து நடைபாதைக்குக் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் பித்துப் பிடித்துவிடும். வெயில் பட்டைகளை எடுக்கும்போது மட்டும் வெளிச்சத்தை ஒன்று அல்லது ஒன்றரை நிறுத்தம் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நிழலைப் பார்த்து ஏமாந்து கேமரா அந்த ஐந்து முகங்களையும் வெளுத்துவிடும். டொள்ளு அடிப்பவர்கள் துள்ளும்போது 1/30-க்கு இறக்கி, கைகளைக் கலங்கவிட்டு எடுப்பது பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. நடனத்தைவிட, ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் அந்தப் பெரிய தோல் பறையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு அவர்கள் தண்ணீர் குடிக்கும் அரை நிமிடம் எனக்குப் பெரிது.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தசராவில் எல்லாமே நிறம். மஞ்சள் சாமந்தி, சிவப்புக் கொடி, பச்சைக் குடை, பளபளக்கும் ஊர்தி என்று எல்லா நிறமும் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் காதில் விழாது. ஒரு படத்தில் ஒரு நிறம் மட்டும் பேசும்படி ஃப்ரேமைச் சுருக்க முடிந்தால் வண்ணத்தில் எடுங்கள். முடியாத இடத்தில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உயர்த்திய கைப்பேசிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு கைகள், நூறு திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய யானை என்ற படம் முதன்முதலில் எடுத்தவருக்கு நல்ல படம். இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. ஒன்று எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி மனிதர்களைப் பற்றியது. பொது இடத்தில் படம் எடுப்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவான தடை இல்லை என்பது உண்மை; ஆனால் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு யாரும் சட்டம் பேசி வென்றதில்லை. விழாக் கூட்டம் புகைப்படக்காரருக்கு இணக்கமானது. எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, எல்லோர் கவனமும் வேறெங்கோ இருக்கிறது. 1960-களில் நியூயார்க்கில் ஜோயல் மேயரோவிட்ஸும் டோனி ரே-ஜோன்ஸும் அணிவகுப்புகளுக்குச் சென்றே தெருவில் படம் எடுக்கப் பழகினார்கள் என்பதற்கு இதுதான் காரணம். பின்னர் இங்கிலாந்து திரும்பி அந்நாட்டு ஊர்த் திருவிழாக்களை எடுத்த ரே-ஜோன்ஸ், தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளில் நெருங்கிப் போ, மக்களோடு பேசு, பொறுமையாக இரு, எல்லாவற்றையும் கண் மட்டத்திலேயே எடுக்காதே என்பவை உண்டு. நான்கில் பேசு என்பதுதான் நாம் அடிக்கடி மறப்பது. கன்னடம் தெரியாவிட்டாலும் 'ஊட்டா ஆய்த்தா' என்று கேட்கத் தெரிந்தால் போதும். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டவனிடம் யாரும் உடனே கோபப்படுவதில்லை.

ஆனாலும் மறுப்பவர்கள் இருப்பார்கள். ஒரு முறை, மார்க்கெட்டுக்கு எதிரே கடைப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தைக்குச் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். தலைப்பு எழும்பும்போதெல்லாம் குழந்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போயிற்று. மூன்று படங்கள் எடுத்திருப்பேன். அவர் நிமிர்ந்து, சத்தம் போடாமல், 'யாக்கே? டெலீட் மாடி' என்றார். திரையை அவர் பக்கம் திருப்பி, மூன்றையும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். மூன்றாவது படம் நன்றாக வந்திருந்தது என்பதை அழிக்கும்போதுதான் பார்த்தேன். அவர் அதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு கணம் தயங்கி, பிறகு தலையை ஆட்டினார். அழித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, அழித்தது சரியில்லை என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்டால் அழித்துவிடுங்கள், விவாதிக்காதீர்கள், அழித்தது போல நடிக்காதீர்கள். நெரிசலில் ஆடை விலகியவர்கள், மயங்கி விழுந்தவர்கள், கூட்டத்தில் தொலைந்து அழும் குழந்தைகள் ஆகியோரை நான் எடுப்பதே இல்லை. தொலைந்த குழந்தையைக் கண்டால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காவலரைத் தேடுவதுதான் முதல் வேலை.

பாதுகாப்பை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தில், சின்னசாமி மைதானத்தின் வெளியே 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக வந்தவர்கள்தாம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர்வரை நின்றால் மனிதர்கள் தம் விருப்பப்படி நகர முடியும்; ஆறு ஏழு பேரானால் கூட்டம் நீர் போல் ஆகிவிடும், எங்கோ ஒரு முனையில் விழும் தள்ளு அலையாகப் பரவி வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். கேமராவை முகத்துக்குக் கொண்டுவர முழங்கையை மடக்க இடமில்லை என்றால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைவிட்டு வெளியேறும் நேரம் வந்துவிட்டது. எதிர்த்துத் தள்ளாமல், இரு கைகளையும் மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொண்டு, கூட்டம் போகும் திசையிலேயே சற்றுச் சற்றாக ஓரத்துக்குச் சாய்ந்து வெளியே வாருங்கள். கீழே விழுந்தது லென்ஸ் மூடியோ கைப்பேசியோ, எதுவானாலும் குனியாதீர்கள். கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது நல்லது. பின்னால் இழுபடும் பட்டை கழுத்தை என்ன செய்யும் என்பதை ஒரு முறை அனுபவித்தவன் நான்.

உயரமான இடம் தேடி மாடிகளில் ஏறுவதிலும் கவனம் வேண்டும். சயாஜி ராவ் சாலைச் சுற்றுப்புறத்தில் நூற்றாண்டு கண்ட கட்டடங்கள் பல. 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து உயிர்கள் போயின. 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. சிதிலமான கட்டடங்களின்மேல் கூட்டம் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. மேலும், மேலிருந்து எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது மீண்டும் தலைகள்தாம், இந்தத் தடவை உச்சந்தலைகள்.

ஃப்ளாஷ் வேண்டாம். யானை அருகில் இருக்கும்போது அது கூடவே கூடாது. பீரங்கிச் சத்தத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட யானைதான் என்றாலும், முகத்துக்கு நேரே தெறிக்கும் வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க நாம் யார்? இருட்டிய பிறகு தெருவின் அலங்கார விளக்குகளே போதும். ஆனால் அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மின்னி அணைகின்றன. கேமராவின் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். அந்த நேரத்தில் எந்திர ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100-இலோ 1/50-இலோ வையுங்கள். எல்.இ.டி. ஊதாவில் முகங்கள் கத்தரிக்காய் நிறமாகும். அதற்கு ஒரே வழி, வெள்ளை பல்பு தொங்கும் கடலை வண்டியையோ சோளம் சுடுபவனின் கனல் சட்டியையோ தேடி, அதன் அருகே நிற்பவர்களை எடுப்பது. அப்போது துளையை எஃப் 2.8-க்குத் திறக்க வேண்டிவரும் என்பதால் கையால் நிறுத்திய ஃபோகஸ் உதவாது. அந்த ஒரு மணி நேரம் தானியங்கி ஃபோகஸுக்கே திரும்பிவிடுங்கள்.

தலைமை யானை கடந்து போனதும் பாதிப் பேர் பேருந்து நிலையத்தை நோக்கியும், ஒரு பகுதியினர் தீப்பந்த அணிவகுப்பைப் பார்க்கப் பன்னிமண்டபத்தை நோக்கியும் நகர்வார்கள். நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு அரை மணி நேரம் சாலையிலேயே நில்லுங்கள். தடுப்புகள் அவிழ்க்கப்பட்டதும், பகலெல்லாம் தள்ளி நின்று பார்த்த சாலையின் நடுவே மக்கள் முதல் முறையாக இறங்கி நடப்பார்கள். ஒற்றைச் செருப்புகள், நசுங்கிய ஊதுகுழல்கள், யானை மிதித்துப்போன சாமந்தி எல்லாம் காலடியில் கிடக்கும். தந்தையின் தோளில் காலை முதல் உட்கார்ந்திருந்த குழந்தை, யானை வந்த நேரத்தில் சரியாகத் தூங்கிப்போயிருக்கும். எழுப்பலாமா வேண்டாமா என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டே நடப்பார்கள். என்னிடம் இருக்கும் தசராப் படங்களில் நான் சட்டமிட்டு மாட்டியிருப்பது ஒன்றுதான். அது அந்த அரை மணி நேரத்தில் எடுத்தது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்த ஆண்டு விஜயதசமிக்கு விடுமுறை கிடைக்காமல் போனாலும் ஏமாற்றம் அடைய வேண்டாம். தசரா யானைகள் காட்டு முகாம்களிலிருந்து பல வாரங்கள் முன்னதாகவே மைசூருக்கு வந்துவிடும். மணல் மூட்டைகளையும் பிறகு மரத்தாலான அம்பாரியையும் சுமந்து, அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம்வரை அதே சாலையில் ஒத்திகை நடை போகும். காலை நேரத்தில் தடுப்பும் கிடையாது, நெரிசலும் கிடையாது. பால் வண்டியும் பள்ளிக்கூட ஆட்டோவும் ஓரமாக ஒதுங்கி வழிவிட, வரிசையாகப் போகும் யானைகளைத் தேநீர்க் கடை வாசலில் கண்ணாடிக் குவளையோடு நிற்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் செய்தித்தாளுக்குத் திரும்புவார். 35 மி.மீ. லென்ஸோடு ஒரு சனிக்கிழமை முதல் பேருந்தில் கிளம்பினால் அதைப் பார்த்துவிடலாம்.